ஸ்பெஷல் மாமாவும் சிறப்புத் தமிழும்

உலகத்தில் எந்தக் காரியத்தையும் சாதாரணமாகச் செய்யவே தெரியாத மனிதர் ஒருவர் உண்டென்றால், அவர் குன்னூருக்கும் எங்கள் எஸ்டேட்டுக்கும் நடுவே ஷேர் ஜீப் ஓட்டிய ஸ்பெஷல் மாமாதான். இரண்டாம் இடம் யாருக்கு என்று வேண்டுமானால் நாம் சண்டை போடலாம். முதலிடத்துக்குப் போட்டியே கிடையாது.

டீக்கடையில் அவர் கேட்பது ஸ்பெஷல் டீ. கடைக்காரர் எல்லோருக்கும் கொடுக்கிற அதே டீயை இன்னும் ஒருமுறை உயரத் தூக்கி ஆற்றிக் கொடுப்பார். மாமா ஒரு வாய் குடித்துவிட்டு, பக்கத்தில் சாதா டீ குடிப்பவரைப் பரிதாபமாகப் பார்ப்பார். ஒருநாள் எஸ்டேட் மாரியம்மன் கோயிலில் பூசாரியையும் ஒரு நாயையும் தவிர யாருமே இல்லாத நேரத்தில் போய், "ஏனுங்க, ஸ்பெஷல் தரிசனம் உண்டுங்களா?" என்று கேட்டார். பூசாரி சற்று யோசித்துவிட்டு நாயை மட்டும் வெளியே போகச் சொன்னார்.

ஜீப்பின் முன்கண்ணாடியில் சிவப்பு எழுத்தில் 'ஸ்பெஷல்' என்று எழுதியிருக்கும். என்ன ஸ்பெஷல், யாருக்கு ஸ்பெஷல் என்று யாரும் கேட்டதில்லை. அவருடைய சொந்தப் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. பள்ளியில் தகப்பனார் பெயர் எழுதும் இடம் வந்தால் அவர் மகள் சுகந்திக்கே ஒரு நொடி கை நிற்கும். சுகந்தியின் அம்மா அதிகம் பேச மாட்டார். அவருக்கு அதற்கான வாய்ப்பு அந்த வீட்டில் அமைந்ததில்லை.

சுகந்தியும் நானும் ஒரே வகுப்பு, எஸ்டேட் தொழிலாளர் லயத்தில் பக்கத்துப் பக்கத்து வீடு. பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்தது. இருவருமே சுமாருக்குக் கொஞ்சம் மேலே. என் கதை ஏற்கெனவே முடிவாகியிருந்தது. திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் சித்தி, "ஜூன்ல புள்ளய அனுப்பி வைங்க, சொல்லி வெச்சிருக்கேன்" என்று போன் செய்துவிட்டாள். எனக்கு ஒரு பையும் வாங்கியாயிற்று.

சுகந்தியின் கதைதான் முடிவாகவில்லை. எந்தக் குரூப்பில் சேர்ப்பது என்று பார்க்க மாமா குன்னூர்ப் பள்ளிக்குப் போனார். துணைக்கு நாங்கள் இருவரும். தகவல் பலகையில் பிளஸ் ஒன் பிரிவுகளை வரிசையாக எழுதியிருந்தார்கள். மாமா விரலை வைத்து ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே வந்தார். கணினி, கணக்குப்பதிவியல், நர்சிங் என்று எல்லாவற்றையும் விரல் தாண்டிப் போனது. கடைசி வரியில் நின்றுவிட்டது.

"வரலாறு, பொருளியல், சிறப்புத் தமிழ்."

"ஏங் கண்ணு, சிறப்புன்னா?"

"ஸ்பெஷல்தானுங் மாமா" என்றேன் நான், விளையாட்டாக.

அந்த முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். இத்தனை வருடம் தமிழ் என்றால் ஒரே ரகம்தான் என்று நம்பி ஏமாந்துவிட்ட மனிதரின் முகம் அது.

"அப்ப நாமெல்லாம் இத்தன நாளாப் பேசுறது சாதா தமிழா?" என்று கேட்டுவிட்டு, நேராகத் தலைமையாசிரியை அறைக்குள் நுழைந்தார். "வணக்கமுங்க. என்ற புள்ளைக்கு ஒரு ஸ்பெஷல் தமிழ் வேணுமுங்க."

தலைமையாசிரியை நிதானமான அம்மா. சிறப்புத் தமிழ் என்பது இலக்கியமும் இலக்கணமும் கொஞ்சம் ஆழமாகப் படிக்கும் பாடம், சாதாரணத் தமிழ்ப் பாடத்துக்கு மேல் ஒன்று, என்று விளக்கினார். "ஆனா இந்த வருஷம் நடக்குமான்னு சந்தேகம்ங்க. பத்துப் பேராவது சேர்ந்தாத்தான் அந்தக் குரூப்பைத் திறப்போம். இதுவரைக்கும் மூணே பேர்."

"பத்துத்தானுங்களா?" என்றார் மாமா, பத்துத் தேங்காய் வாங்கி வரச் சொன்னதைப் போல.

அந்த அறையின் மூலையில் மஃப்ளரும் ஸ்வெட்டருமாக ஓர் ஆசிரியை உட்கார்ந்திருந்தார். சமவெளியிலிருந்து வந்து குளிரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த தமிழம்மா. குரூப் திறக்காவிட்டால் அவரை வேறு ஊர்ப் பள்ளிக்கு மாற்றிவிடுவார்கள். அவர் முதல்முறையாக நிமிர்ந்து மாமாவைப் பார்த்தார். அந்தப் பார்வையில் நம்பிக்கையும் பயமும் பாதிப் பாதி.

மறுநாளே வேட்டை தொடங்கியது. தேர்தலுக்கு வாடகை விடுகிற மைக் செட் ஒன்றை மாமா ஜீப்பின் தலையில் கட்டிக்கொண்டார். "பெற்றோர்களே! உங்கள் பிள்ளைகளுக்கு இன்னும் எத்தனை நாள் சாதா தமிழ்? என்ற மகள் சுகந்தி ஸ்பெஷல் தமிழில் சேர்ந்துவிட்டாள்! நீங்களும் சேர்ப்பீர்!" சுகந்தி அப்போது எதிலும் சேர்ந்திருக்கவில்லை. அவள் பின் சீட்டில் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஊட்டி காந்தலில் அவருக்குத் தெரிந்த ஒரு மெக்கானிக் இருந்தார். அவர் மகள் குன்னூரில் பெரியம்மா வீட்டில் தங்கிப் படிப்பவள். ஜீப்புக்கு பிரேக் பார்க்கப் போனவர் பிரேக்கை விட்டுவிட்டு அந்தப் பெண்ணைச் சேர்த்துக்கொண்டு வந்தார். படகர் ஊரான ஒரு ஹட்டியில் ஒரு பையனின் அப்பா, "நாங்க ஊட்டுல பேசுறதே படகு பாஷைங்க, தமிழ் எங்களுக்குப் பள்ளிக்கூடத்துலதான்" என்று தயங்கினார். மாமா அசரவில்லை. "அப்ப உங்களுக்கு சாதா தமிழே ஸ்பெஷல். இதுல சேர்ந்தீங்கன்னா டபுள் ஸ்பெஷல்." அந்தப் பையன் சிரித்துக்கொண்டே சேர்ந்தான்.

பத்துப் பெயரும் கிடைத்துவிட்டன. சுகந்தியையும் சேர்த்து.

இனிதான் தயாரிப்பு. அடிப்படை தெரியாமல் சேர்ந்தால் பிள்ளைகள் திணறுவார்கள் என்று தமிழம்மா மீதி விடுமுறை முழுக்க ஒரு வகுப்பு வைத்தார். அதன் முடிவில் ஒரு சின்னத் தேர்வு. எஸ்டேட்டிலிருந்து சுகந்தி தனியாகப் போக வேண்டாம் என்று என்னைத் துணைக்கு அனுப்பினார்கள். திருப்பூர் போகும் வரை நான் வீட்டில் சும்மா இருப்பதைவிட ஜீப்பில் சும்மா இருக்கட்டும் என்பது அம்மாவின் எண்ணம்.

முதல் வாரமே யாப்பு. நீங்களும் பள்ளியில் படித்திருப்பீர்கள். செய்யுளில் ஒவ்வொரு சொல்லையும் அசை அசையாகப் பிரித்து, இது நேர், இது நிரை என்று பார்த்து, தேமா, புளிமா, கருவிளம், கூவிளம் என்று பெயர் வைக்கிற கணக்கு. படித்த கையோடு மறந்தும் இருப்பீர்கள். நாங்களும் மறக்கத் தயாராகத்தான் இருந்தோம். மாமா விடவில்லை.

சீசன் நேரம். ஊட்டிக்கு வரும் கூட்டத்தை ஏற்றினால் நல்ல வரும்படி. அதையெல்லாம் விட்டுவிட்டு அவர் வகுப்பறை ஜன்னலுக்கு வெளியே நின்று பாடம் கேட்டார். குளிருக்கு ஜன்னலைச் சாத்தினால் கண்ணாடியில் காதை ஒட்ட வைத்துக் கேட்டார். கேட்டதில் பாதி புரிந்தது. புரிந்த பாதியில் பாதி தப்பு. அதை வைத்துக்கொண்டு அன்று மாலையே ஒரு முறையைக் கண்டுபிடித்தார்.

"நேர்னா ஹாரன்ல ஒரு அமுக்கு. நிரைன்னா ரெண்டு அமுக்கு. புரிஞ்சுதா? இப்பப் பாரு. தேமா!"

பாம். பாம்.

"கருவிளம்!"

பாம்பாம். பாம்பாம்.

அன்றிலிருந்து குன்னூர் எஸ்டேட் சாலையில் எந்த வளைவிலும் ஜீப் சும்மா திரும்பவில்லை. ஏற்றமான வளைவுக்குப் புளிமா, இறக்கமான வளைவுக்குக் கூவிளம். எதிரே வந்த லாரிக்காரர்கள் முதலில் வழிவிட்டார்கள், பிறகு திட்டினார்கள், கடைசியில் பழகிப்போய்ப் பதிலுக்கு அடித்தார்கள். அவர்கள் அடித்தது எந்த வாய்பாட்டிலும் சேரவில்லை என்று மாமா வருத்தப்பட்டார்.

ஜீப்பில் வாரச் சந்தைக்கு வருகிற பெண்களும் சிக்கிக்கொண்டார்கள். ஏறுகிற ஒவ்வொருவர் பெயரையும் மாமா அசை பிரிப்பார். தப்பாகத்தான் பிரிப்பார். பின் சீட்டிலிருந்து நான் மெதுவாகத் திருத்துவேன். உடனே அவர் அதைத் தானே கண்டுபிடித்ததைப் போல உரக்க அறிவிப்பார்.

"மகேஸ்வரி அக்கா, நீங்க கருவிளமுங்க! லட்சுமி அக்கா, நீங்க கூவிளம். செல்வி, நீ வெறும் தேமா."

"வெறும் தேமாவா? அது ஏனுங்க எனக்கு மட்டும் கொறஞ்சு போச்சு?" என்று செல்வி அக்கா கோபித்துக்கொண்டு இரண்டு நாள் வேறு ஜீப்பில் போனார். ஆனால் மற்றவர்களுக்குப் பிடித்துவிட்டது. கொஞ்ச நாளில், "ஏனுங் கருவிளம், காய்கறிப் பையைப் புடிங்க", "கூவிளம் எறங்கோணும், வண்டிய நிறுத்துங்க" என்று ஜீப்புக்குள் குரல்கள் கேட்கத் தொடங்கின. வெளியூர்க்காரர் ஒருவர் ஏறி, இது ஏதோ பழங்குடி மொழி என்று நினைத்துப் போனில் பதிவு செய்துகொண்டு போனார்.

தன் பெயருக்கு என்ன வரும் என்று மாமா தமிழம்மாவிடம் ஜன்னல் வழியாகக் கேட்டார். "ஸ்பெஷல்னா என்னங்க வரும் டீச்சர்?"

தமிழம்மா சங்கடப்பட்டார். "அது… தமிழ்ல ஒரு சொல்லுக்கு முதல்ல மெய்யெழுத்து வராதுங்க. 'ஸ்'ல சொல் தொடங்கவே கூடாது."

அன்று திரும்பும்போது அவர் ஒரு வளைவுக்குக்கூட ஹாரன் அடிக்கவில்லை. "என்னைய உள்ளேயே சேக்க மாட்டேங்குது பாரு, அந்தத் தமிழு" என்று ஒரே ஒருமுறை சொன்னார். மறுநாள் காலையில் எல்லாம் சரியாகிவிட்டது.

குன்னூரில் ஆஸ்பத்திரிக்கு முன்னால் ஒருநாள் போலீஸ் நிறுத்தியது. சப் இன்ஸ்பெக்டர் ஜீப்புக்குள் தலையை நீட்டினார்.

"யோவ், ஆஸ்பத்திரி வாசல்ல என்ன கச்சேரி?"

"கச்சேரி இல்லீங்க சார். யாப்புங்க."

"ஆப்பா? யாருக்குய்யா ஆப்பு?"

"ஆப்பு இல்லீங்க, யாப்பு! புள்ளைக்கி ஸ்பெஷல் தமிழ் பாடமுங்க. இப்பப் பாருங்க, எந்தப் பேரச் சொன்னாலும் சொல்லிப் போடுவேன்."

சப் இன்ஸ்பெக்டருக்கும் அன்று பெரிய வேலை இல்லைபோல. சட்டையில் குத்தியிருந்த பெயரைத் தட்டிக்காட்டினார். முருகேசன். "இதுக்கு என்ன வரும்?"

மாமா மெல்லத் தலையைப் பின்னால் சாய்த்தார். நான் யோசித்தேன். முரு, கே, சன். நிரை, நேர், நேர். வாய்பாட்டை அவர் காதுக்குள் சொன்னேன். சொன்ன பிறகுதான் அது எப்படிக் கேட்கும் என்று எனக்கு உறைத்தது. அதற்குள் மாமா நிமிர்ந்துவிட்டார்.

"புளிமாங்காய்ங்க சார்!"

அபராதச் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். எந்தக் குற்றத்துக்கு என்று அதில் தெளிவாக இல்லை.

அதன் பிறகு பர்லியார். தேமா, புளிமா என்பதெல்லாம் உண்மையில் மரங்களின் பெயர்கள் என்று தமிழம்மா வகுப்பில் சொன்னது மாமாவின் காதில் விழுந்துவிட்டது. "நேர்ல பாத்தா மறக்காது" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் இருவரையும் ஏற்றிக்கொண்டு மேட்டுப்பாளையம் சாலையில் இறங்கி, பர்லியார் அரசு பழத்தோட்டத்தில் போய் நின்றார்.

"ஏனுங்க, கருவிளம் எந்தப் பக்கமுங்க?"

தோட்டக்காரர் நீண்ட நேரம் யோசித்தார். "மங்குஸ்தான் இருக்கு. ஜாதிக்கா இருக்கு. கிராம்பு இருக்கு. நீங்க கேக்கறது கேள்விப்பட்டதே இல்லீங்க."

"கூவிளமாச்சும்?"

"அது சீசன் இல்லீங்க" என்றார் அவர், தப்பித்தால் போதும் என்று.

மாமா நம்பிவிட்டார். "சீசன் இல்லியாமா கண்ணு" என்று எங்களிடம் சொல்லி, மங்குஸ்தான் வாங்கிக் கொடுத்தார். வழியோரம் ஜீப்பை நிறுத்தி மூவரும் தின்றோம். தோலின் ஊதாக் கறை கையெல்லாம். அங்கே வைத்துத்தான், மாமா தண்ணீர் பிடிக்கப் போன இடைவெளியில், சுகந்தி அதைச் சொன்னாள்.

"மாலா, எனக்கு இது வேண்டாம்டி. எனக்கு ஒண்ணுமே ஏறல. நான் நர்சிங் குரூப்ல சேரணும்."

எனக்கு ஆச்சரியமாக இல்லை. எஸ்டேட்டில் யாருக்குக் கையில் வெட்டுப்பட்டாலும் முதலில் சுகந்தியிடம்தான் வருவார்கள். கட்டுப்போட்டு, மூன்றாம் நாள் அவளே தேடிப்போய் அவிழ்த்துப் பார்த்து, மறுபடி கட்டுவாள். ரத்தத்தைக் கண்டால் அவள் முகத்தில் ஒரு தெளிவு வரும். செய்யுளைக் கண்டால் மயக்கம் வரும்.

"மாமாகிட்டச் சொல்லிடு."

"எப்படிச் சொல்றது? மைக் வெச்சு ஊர் பூரா சொல்லிட்டாரு. எம் பேர எடுத்துட்டா ஒன்பதுதான். அத்தன பேர் படிப்பும் என்னால நின்னுடும்."

தண்ணீர்க் குடத்துடன் மாமா வந்துகொண்டிருந்தார். நாங்கள் மங்குஸ்தானைப் பற்றிப் பேசத் தொடங்கினோம்.

தேர்வு நடந்தது. சும்மா ஏன் உட்கார்ந்திருக்கிறாய், நீயும் எழுது என்று தமிழம்மா எனக்கும் ஒரு தாள் கொடுத்தார். எழுதினேன். எழுதும்போது நேரம் போனது தெரியவில்லை. அப்படி ஒரு தேர்வில் எனக்கு நேர்ந்தது அதுதான் முதல்முறை. திருப்பூர்ப் பை வீட்டுப் பரணில் இருந்தது. இரவு படுத்தால் அது என் கண்ணுக்கு நேராகத் தெரியும்.

சேர்க்கை நாள் வந்தது. பெற்றோரும் பிள்ளைகளுமாகத் தலைமையாசிரியை அறை நிறைந்திருந்தது. மாமா வெள்ளைச் சட்டை போட்டு, மாப்பிள்ளைத் தோழன்போல எல்லோரையும் உட்கார வைத்துக்கொண்டிருந்தார். ஒவ்வொருவராகக் கையெழுத்துப் போட்டார்கள். காந்தல் பெண், ஹட்டிப் பையன் என்று ஒன்பது பேர் முடிந்தது.

"சுகந்தி, வாம்மா" என்றார் தலைமையாசிரியை.

சுகந்தி எழுந்தாள். பேனாவைத் தொடவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு, "மேடம், எனக்கு நர்சிங் குரூப் வேணுங்க" என்றாள்.

குன்னூர்ப் பள்ளிகளில் மின்விசிறி கிடையாது. இருந்திருந்தால் அதுவும் நின்றிருக்கும். மாமா பேச வாயெடுத்து வார்த்தை வராமல் போனதை அன்றுதான் பார்த்தேன். தமிழம்மா மஃப்ளரை இன்னும் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டார். ஹட்டிப் பையன் தன் அப்பாவைப் பார்த்தான்.

தலைமையாசிரியை கண்ணாடியைக் கழற்றினார். "இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள பட்டியல் அனுப்பணும். ஒன்பது பேருக்குத் திறக்க முடியாது. வேற யாராச்சும்…"

"நான் சேரட்டுங்களா மேடம்?"

யார் பேசியது என்று எல்லோரும் திரும்பினார்கள். நானும்கூடத் திரும்பிப் பார்த்திருப்பேன், குரல் என்னுடையதாக இல்லாதிருந்தால்.

தமிழம்மா சட்டென்று எழுந்தார். "இவளும் தேர்வு எழுதினா மேடம். நல்லா எழுதியிருந்தா."

"அப்பா அம்மா வந்திருக்காங்களா?"

"இல்லீங்க. தோட்டத்துல வேலைல இருக்காங்க." தேயிலைக்குள் அவர்கள் வேலை செய்யும் பக்கம் போனுக்குச் சிக்னலும் கிடையாது.

"அலுவலகம் மூடறதுக்குள்ள யாராவது ஒருத்தர் வந்து கையெழுத்துப் போடணும்மா."

மாமா சாவியை எடுத்துக்கொண்டு நடக்கத் தொடங்கியிருந்தார்.

பின் சீட்டில் சுகந்தி அழுதுகொண்டிருந்தாள். ஜீப் பறந்தது. எஸ்டேட் கேட்டுக்குச் சற்று முன்னால், சாலை நடுவே ஒரு காட்டெருமை நின்றது. பக்கத்தில் கன்று. இந்தப் பக்கம் சரிவு, அந்தப் பக்கம் தேயிலை. கன்றோடு நிற்கிற காட்டெருமையிடம் யாரும் வம்பு வைத்துக்கொள்வதில்லை.

மாமாவின் கை ஹாரன்மேல் போனது. பிறகு மெல்ல விலகியது. ஸ்டியரிங்கின்மேல் குனிந்து, கோயிலில் பேசுகிற குரலில் சொன்னார். "தாயி, கொஞ்சம் ஒதுங்கிக்கோங்க. புள்ள படிக்கோணும்."

காட்டெருமை அசைபோட்டுக்கொண்டே எங்களைப் பார்த்தது. அது பார்த்த நேரத்தில் நான் திருப்பூருக்குப் போய், பத்து வருடம் வேலை பார்த்து, கல்யாணமும் முடித்துவிட்டேன். பிறகு அது கன்றை முன்னால் விட்டுத் தேயிலைக்குள் இறங்கியது.

அப்பா இலை நிறுக்கும் கொட்டகையில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார். அம்மாவும் அங்கேதான் கூடையுடன் வரிசையில் நின்றாள். மாமா ஓடிப்போய் அப்பாவின் முன் நின்றார். இப்போது அரை மணி நேரம் பேசப்போகிறார் என்று நினைத்தேன்.

"அண்ணா, என்ற புள்ள நர்சு படிக்கப் போறா. நாஞ் சொல்லிக் கொடுத்ததெல்லாம் அவளுக்கு ஏறவே இல்ல. உங்க புள்ளைக்கித்தான் ஏறிச்சு. பின்னாடி உக்காந்து வாய் அசைச்சுக்கிட்டே வரும். நான் கண்ணாடில பாத்துட்டேதான் இருந்தேன்."

அவ்வளவுதான் சொன்னார்.

அப்பாவின் பெற்றோர் சிலோன் தோட்டத்திலிருந்து வந்தவர்கள். அவர் பேச்சில் இன்னமும் அந்தச் சாயல் உண்டு. என்னைப் பார்த்துக் கேட்டார். "ஒனக்கு இது ஏலுமா புள்ள?"

"ஏலும்ப்பா."

"வேணுமா?"

"வேணும்."

அப்பா இடுப்பில் கட்டியிருந்த சாக்கை அவிழ்த்தார். குழாயில் கையைக் கழுவினார். அம்மா பதறினாள். "அப்ப திருப்பூரு?"

"அது அங்கேயேதான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு அப்பா ஜீப்பில் முன்னால் ஏறினார்.

நாங்கள் போனபோது தலைமையாசிரியை சாப்பாட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, ஆனால் உட்கார்ந்தபடியே இருந்தார். மற்ற ஒன்பது பேரில் ஒருவர்கூட வீட்டுக்குப் போகவில்லை. அப்பா தேயிலைக் கறை படிந்த விரல்களால் பேனாவைப் பிடித்து, எழுத்துக் கூட்டிக் கையெழுத்துப் போட்டார். தமிழம்மா பெஞ்சில் அப்படியே சரிந்து உட்கார்ந்து, "அப்பாடா" என்றார். அதற்குள் பக்கத்து மேசையில் சுகந்தி நர்சிங் குரூப்பில் சேர்ந்திருந்தாள். அவள் கையெழுத்துக்குக் கீழே மாமாவின் கையெழுத்து. என்ன பெயர் என்று எட்டிப் பார்த்தேன். கிறுக்கலாக இருந்தது.

திரும்பும் வழியில் பாதி மலை ஏறியதும் மாமா ஜீப்பை ஓரம் கட்டினார். எஞ்சினை அணைத்துவிட்டு, முன்னால் பார்த்தபடியே கேட்டார்.

"எங்கிட்டச் சொல்றதுக்கு உனக்கு என்ன கண்ணு பயம்?"

"நீங்க மைக்குல சொல்லிட்டீங்கப்பா" என்றாள் சுகந்தி.

மாமா யோசித்தார். "மைக்கு கொஞ்சம் ஜாஸ்திதான்" என்று ஒத்துக்கொண்டார். பிறகு மெல்லத் திரும்பினார்.

"ஏஞ்சாமி, அந்த நர்சிங்குல தேமா புளிமா எல்லாம் உண்டா?"

"இல்லீங்கப்பா."

"நெசமா?"

"நெசமாத்தானுங்."

மாமா நெஞ்சில் கையை வைத்து ஒரு பெரிய மூச்சு விட்டார். ஒரு மாதமாக அடக்கி வைத்திருந்த மூச்சு. "அப்பாடா! கருவிளத்துக்கும் கூவிளத்துக்கும் வித்தியாசம் எனக்கு இன்னிக்கு வரைக்கும் புடிபடல கண்ணு. ரெண்டு வருசம் இத எப்படி ஓட்டப் போறோம்னு எனக்குத் தூக்கமே இல்ல. உனக்கு வேணும்னு நெனச்சுல்ல நான் பல்லக் கடிச்சுட்டு இருந்தேன்!"

சுகந்தி முதலில் விம்மினாள், பிறகு சிரித்தாள். நான் சிரித்தேன். யாப்பைப் பற்றி ஒன்றுமே தெரியாத என் அப்பாவும் முன் சீட்டில் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். கீழே குன்னூரில் விளக்குகள் ஒவ்வொன்றாக வரத் தொடங்கியிருந்தன.

சுகந்தி இப்போது கோவையில் நர்ஸ். அவள் போட்ட ஊசி வலித்ததே இல்லை என்று நோயாளிகள் சொல்கிறார்கள். நான் சென்னையில் உட்கார்ந்து இந்த மாதிரி எதையாவது எழுதிக்கொண்டிருக்கிறேன். மாமா ஜீப்பை விற்றுவிட்டார். முழங்கால் வலி, கிளட்ச் மிதிக்க முடியவில்லை.

போன மழைக்காலத்தில் ஊருக்குப் போனேன். மலைப்பாதையில் மரம் விழுந்து பஸ் வெகுநேரம் நின்றுவிட்டது. மதியம் வர வேண்டியவள் குன்னூரில் இறங்கும்போது நாலு மணிக்கு மேல். நல்ல மழை. பஸ் நிலையத்தின் ஓரத்தில், பாதி நனைந்த வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, குடையுடன் மாமா நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று அவர் செருப்பைப் பார்த்தாலே தெரிந்தது.

"ஏனுங் மாமா, இந்தக் காலோட உங்கள யாரு வரச் சொன்னது?"

"யாரும் சொல்லல கண்ணு. இந்தப் பக்கமா ஒரு வேலையா வந்தேன்" என்று என் பையை வாங்கிக்கொண்டு, குடையை என் பக்கம் சாய்த்தார்.

அந்தப் பக்கம் அவருக்கு ஒரு வேலையும் கிடையாது, என்னைத் தவிர.